அந்தரத்திற் குடியிருப்பா?

நிலம் வளர்வதில்லை, மக்கள் தொகையோ வளர்கின்றது. ஆகவே மலையகத் தோட்டத் தொழிலாளருக்குத் தனி வீடும் காணியும் என்ற பேச்சைக் கைவிட்டு, அடுக்கு மாடிகளைக் கட்டி அவற்றிலே அவர்களைக் குடியேற்றுவதே அறிவுடைமை. இவ்வாறு ஒரு வாதம் அவ்வப்போது நம் செவிகளில் விழுகின்றது. கொழும்பிலே குளிரூட்டிய அறைகளில் அமர்ந்து திட்டந் தீட்டுவோர் இதனைக் கூறுகின்றனர். தோட்டக் கம்பனிகளின் நலம் நாடுவோர் கூறுகின்றனர். அவர்கள் கூறுவதில் வியப்பில்லை. ஆனால் நம்மவருள்ளேயே சிலர், வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் மாடி வீடு வாங்கி வசதியாக வாழ்வோர், “நாங்கள் மாடியில் வாழவில்லையா? அவர்களுக்கு மட்டும் காணி எதற்கு?” என்று கேட்கின்றார்களே, அதைத்தான் நம்மாற் பொறுக்க முடியவில்லை.

கேள்வி எளிதாகத் தோன்றும். அதற்குள்ளே இருக்கும் அநீதி எளிதன்று. அதனை வெளிச்சத்திற்குக் கொண்டுவரவே இன்று எழுதுகின்றோம்.

வீடு தரையில் நிற்கின்றதா, மாடியில் நிற்கின்றதா என்பது இரண்டாவது கேள்வி. அந்த வீட்டில் வாழ்பவனைப் பார்த்து, “எழும்பிப் போ” என்று சொல்லும் அதிகாரம் எவன் கையில் இருக்கின்றது என்பதே முதற் கேள்வி. இருநூறு ஆண்டுகளாக அந்த அதிகாரம் மலையகத் தமிழனின் கையில் இருந்ததில்லை. அவனுடைய காலுக்குக் கீழே சொந்தமாக ஒரு துண்டு நிலம் வரும் வரையில் அது அவன் கைக்கு வரப்போவதும் இல்லை. இதுவே நமது வாதம். இதனை ஒவ்வொன்றாக நிறுவுகின்றோம்.

படுத்துக் கிடக்கும் மாடி

மாடி வீடு மலையகத்திற்குப் புதிய நாகரிகம் என்று எண்ணுவோர், லயம் என்பது யாதென அறியாதவர்கள். ஒரே நீண்ட கூரை. அதன் கீழே பத்து அடிக்குப் பன்னிரண்டு அடி என்ற அளவில் வரிசையாகக் காம்பராக்கள். முன்னே ஒரு சிறு இஸ்தோப்பு. ஒருவன் வீட்டுச் சுவரே அடுத்தவன் வீட்டுச் சுவர். சில இடங்களில் முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை வரிசை. தண்ணீருக்குப் பொதுப் பீலி. மற்றத் தேவைகளுக்குப் பொது மலகூடம். இதனை நிமிர்த்தி நிறுத்தினால் அடுக்கு மாடி. அடுக்கு மாடியைப் படுக்க வைத்தால் லயம். இரண்டு தட்டாகவே கட்டப்பட்ட மாடி லயங்களும் மலையகத்தில் உண்டு. ஆகவே, தங்களுக்கெனத் தரையில்லாத கூட்டு வாழ்க்கை எப்படியிருக்கும் என்பதை வெள்ளவத்தை அன்பர்கள் அம்மக்களுக்குக் கற்பிக்க வேண்டியதில்லை. அப்பாடத்தை ஐந்தாறு தலைமுறைகளாக அவர்கள் படித்து முடித்துவிட்டனர்.

அந்த ஒரு காம்பராவிலேதான் அடுப்பு எரிகின்றது. அங்கேதான் கிழவன் இருமுகின்றான். அங்கேதான் மணமக்கள் புதுவாழ்வு தொடங்குகின்றனர். அங்கேதான் பிள்ளை பரீட்சைக்குப் படிக்கின்றது. பருவமடைந்த பெண்ணொருத்தி உடை மாற்ற வேண்டுமானால் வீட்டிலுள்ள ஆண்கள் அனைவரும் வெளியே மழையில் நிற்க வேண்டும். ஒரு காம்பராவில் தீப்பற்றினால் ஒரு வீடு எரிவதில்லை. லயம் முழுவதும் எரிகின்றது. கூரை ஒன்றல்லவா! லயங்கள் தீக்கிரையான செய்தி பத்திரிகைகளில் வராத ஆண்டு உண்டா? எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்று நம் மூதாதையர் சொல்லி வைத்தது வேடிக்கைக்காக அல்ல.

ஆனால் இட நெருக்கடி ஒன்றே லயத்தின் கொடுமை என்று எண்ணிவிடலாகாது. நெருக்கடியைவிடக் கொடியது ஒன்றுண்டு. லயத்துக் காம்பரா தொழிலோடு கட்டப்பட்ட காம்பரா. கொழுந்து பறிக்கும் கை உள்ளவரை அக்குடும்பத்திற்கு அங்கே இடம். பெரட்டுக்குப் போகும் ஆள் ஒருவரும் அக்குடும்பத்தில் இல்லையென்றால், அடுத்த நாள் அங்கே இருப்பதற்கு என்ன உரிமை என்று கேட்கப்படும். காம்பராவுக்குப் பின்னால் ஒரு குசினியை நீட்டிக் கட்ட வேண்டுமா? துரையின் அனுமதி வேண்டும். ஆடு மாட்டுக்கு ஒரு கொட்டில் போட வேண்டுமா? அதற்கும் அனுமதி வேண்டும். வீடு என்று நாம் அழைக்கின்றோம். உண்மையில் அது வேலைக்காரனைக் கட்டி வைக்கும் கயிறு.

வளவு செய்யும் வேலை

யாழ்ப்பாணத்தானுக்கு வளவு என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. வேலி நான்கு பக்கமும் நிற்கும். கிணறு ஒன்று இருக்கும். முருங்கை, வாழை, தென்னை, எலுமிச்சை, கறிவேப்பிலை ஆகியவை நிற்கும். கோடிப்புறத்தில் கோழி கிளறும். மகள் வளர்ந்தால் அதே வளவில் ஒரு பக்கம் அவளுக்கு வீடு எழும். வீட்டில் இழவு விழுந்தால் முற்றத்திலே பந்தல் எழும். ஊர் வந்து நிற்க இடமிருக்கும். காசு கையில் இல்லாத நாளிலும் வளவு ஒரு கறிக்கு வழி காட்டும். தேசவழமைச் சட்டம் முதுசம், சீதனம், தேடிய தேட்டம் என்று சொத்தை வகுத்ததும், காணியை விற்கும்போது உடன் பங்காளருக்கும் உரித்தாளருக்கும் முதலில் வாங்கும் உரிமை கொடுத்ததும் எதனால்? நிலம் குடும்பத்தின் முதுகெலும்பு என்று நம் சமுதாயம் கண்டதனாலன்றோ?

நமக்கு முதுகெலும்பாய் இருப்பது, மலையகத் தமிழனுக்கு மட்டும் ஆடம்பரமாகிவிடுமா?

மலையகத்தின் மண்ணையும் குளிரையும் அறிந்தவர்கள் சொல்லட்டும். நுவரெலியாப் பகுதியிலே லயத்துக்கு அருகே கிடைத்த கையகல நிலத்தையும் அம்மக்கள் சும்மா விட்டதில்லை. கரட், லீக்ஸ், கோவா, உருளைக்கிழங்கு என்று பயிரிட்டார்கள். மாடு வளர்த்துப் பால் விற்றார்கள். வேலை முடிந்து வந்த பின், பொழுது சாயும் முன், கிடைத்த ஒரு மணி நேரத்தில் இதனைச் செய்தார்கள். அதுவும் என்றைக்குப் பறிபோகும் என்று தெரியாத நிலத்திலே செய்தார்கள். அதே கைகளுக்கு உறுதியோடு 10 பேர்ச் நிலம் கிடைத்தால் என்ன விளையும் என்பதைக் கூற வேண்டுமா?

விளைவது காய்கறி மட்டுமன்று; துணிவும் விளையும். இதனை ஆழ்ந்து நோக்குமாறு வாசகரை வேண்டுகின்றோம். நாட் சம்பளம் 1,000 ரூபா என்ற ஒன்றைப் பெறுவதற்கு அத்தொழிலாளர் எத்தனை ஆண்டுகள் போராடினார்கள்! 2021ஆம் ஆண்டிலேதான், அதுவும் சம்பள நிர்ணய சபையின் மூலம், அது கிடைத்தது. ஏன் அவ்வளவு காலம் சென்றது? வேலை நிறுத்தம் என்றால் அடுப்பு அணையும். அடுப்பு அணைந்தால் போவதற்கு வேறு கூரையில்லை. அந்தக் கூரையும் முதலாளியுடையது. எதிரியின் வீட்டில் குடியிருந்துகொண்டு எதிரியோடு பேரம் பேசுபவன் எப்படி நிமிர்ந்து பேசுவான்? தன் நிலத்தில் நிற்பவன் வேலை செய்வான். ஆனால் அடிமை வேலை செய்யான். மாடிக் குடியிருப்பில் இந்த மாற்றம் நிகழாது. அங்கே முருங்கை நட முடியாது. மாடு கட்ட முடியாது. சம்பளமில்லாத ஒரு கிழமையைத் தாக்குப்பிடிக்க முடியாது. மாடியை விரும்பும் கம்பனிகளுக்கு இது தெரியாது என்றா நினைக்கின்றீர்கள்?

தலைநகர் தந்த பாடம்

மாடியின் நன்மையைப் பேசுவோர் தலைநகரைச் சுட்டிக் காட்டுவார்கள். நாமும் அதையே சுட்டிக் காட்டுகின்றோம்.

கொழும்பிலே ஏழை மக்கள் நெருங்கி வாழும் குடியிருப்புகளைச் சிங்கள மக்கள் ‘வத்த’ என்பர். தமிழர் தோட்டம் என்பர். மலையிலும் தோட்டம், மாநகரிலும் தோட்டம்! அங்கு வாழ்வோருட் பெருந்தொகையினர் தமிழரும் முஸ்லிம்களும் ஆவர். 2010ஆம் ஆண்டில் நகர அபிவிருத்தி அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின் கீழ்க் கொண்டுவரப்பட்டது. வீடு கட்டும் வேலைக்கும் பாதுகாப்பு அமைச்சுக்கும் என்ன உறவு என்று அன்று கேட்டோருக்கு, அதே ஆண்டு மே மாதத்தில் கொம்பனித் தெரு மியூஸ் வீதியில் விடை கிடைத்தது. வீடுகள் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டன. அதன் பின் நகர்ப்புற மீளுருவாக்கத் திட்டம் என்ற பெயரில், பல்லாயிரம் குடும்பங்களைத் தோட்டங்களிலிருந்து எழுப்பிப் பன்னிரண்டு மாடி, பதினான்கு மாடிக் கட்டடங்களுக்கு அனுப்பும் வேலை தொடங்கிற்று. அவர்கள் விட்டு வந்த நிலத்தின் விலை வளர்ந்தது. அவர்களுக்குக் கிடைத்ததோ 400, 500 சதுர அடி.

நல்லவை எதுவுமில்லை என்று நாம் கூறவில்லை. மழைக்கு ஒழுகாத கூரையும், உள்ளேயே குழாய் நீரும், தனி மலகூடமும் பெற்ற குடும்பங்கள் உண்டு. அவற்றை வரவேற்ற பெண்களும் உண்டு. ஆனால் வாசலிலே இடியப்பம் அவித்து விற்ற தாய், பத்தாம் மாடியில் யாருக்கு விற்பாள்? முச்சக்கர வண்டியைத் தன் கண்முன்னே நிறுத்தி வைத்தவன், இரவில் அதனை எங்கே நிறுத்துவான்? மின்தூக்கி பழுதான நாளில் நோயாளியை எவர் சுமந்து இறக்குவார்? வீட்டிலே சாவு நேர்ந்தால் பிரேதத்தை எப்படிக் கொண்டு செல்வது, பந்தலை எங்கே போடுவது? பாதையோடு ஒட்டி வாழ்ந்த வாழ்க்கையைப் பாதையிலிருந்து பிரித்து மேலே தூக்கியபோது, வருவாயின் வேரும் அறுந்தது. அதோடு, இலவசமாகக் கிடைத்த வீடுமன்று அது. முற்பணம் கேட்கப்பட்டது. மாதந்தோறும் தவணைப் பணம் பல ஆண்டுகளுக்குக் கேட்கப்பட்டது. பராமரிப்புக் கட்டணம் வேறு. இத்தனையும் கொடுத்த பின்னும் உறுதி கையில் வராமல் ஆண்டுக்கணக்கில் அலைந்தோர் பலர்.

இதற்கு வேறு வழியே இருக்கவில்லையா? இருந்தது. அதே கொழும்பிலே, 1984இல் தொடங்கிய பத்து இலட்சம் வீட்டுத் திட்டத்தின் கீழ், தோட்ட மக்களை இருந்த இடத்திலேயே இருத்தி, ஒழுங்கையை நேராக்கி, குழாயும் வடிகாலும் கொடுத்து, 2 பேர்ச் அளவான துண்டுகளாக நிலத்தை வகுத்துக் கொடுத்தார்கள். வீட்டை அவரவர் தம் வசதிக்கேற்பக் கட்டிக்கொண்டனர். 2 பேர்ச் என்பது சிறிதுதான். ஆனால் இன்று ஓர் அறை, மூன்றாண்டின் பின் இன்னோர் அறை, மகன் வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பினால் மேலே ஒரு தட்டு என்று குடும்பத்தோடு சேர்ந்து வளரும் வீடு அது. அடுக்கு மாடியின் அறை ஒருபோதும் வளர்வதில்லை. குடும்பம் வளரும், அறை வளராது. காணி விலை ஏறிய தலைநகரின் நடுவிலேயே 2 பேர்ச் சாத்தியமாயிற்று என்றால், மலைகளும் பள்ளத்தாக்குகளும் பரந்து கிடக்கும் மலையகத்தில் 10 பேர்ச் எங்ஙனம் சாத்தியமில்லாது போகும்?

நிலம் இல்லையாம்!

நிலம் இல்லை என்போருக்கு ஒரு கணக்குச் சொல்கின்றோம். இது நாலாம் வகுப்புப் பிள்ளையும் போடக்கூடிய கணக்கு.

ஓர் ஏக்கருக்கு 160 பேர்ச். தோட்டங்களில் வாழும் குடும்பங்களைத் தாராளமாக இரண்டரை இலட்சம் என்றே வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றுக்கும் 10 பேர்ச் கொடுத்தால் மொத்தம் 25 இலட்சம் பேர்ச். அஃதாவது 15,625 ஏக்கர். இலங்கையில் தேயிலை பயிராகும் நிலம் ஏறத்தாழ 2 இலட்சம் ஹெக்டேயர். ஏக்கரில் ஏறத்தாழ 5 இலட்சம். அந்த 5 இலட்சத்தில் நாம் கேட்கும் நிலம் நூற்றுக்கு மூன்று பங்கைச் சற்றே தாண்டும். சிறு தோட்டக்காரரின் நிலத்தைக் கழித்துக் கம்பனிகளின் தேயிலை நிலத்தை மட்டும் எடுத்துக்கொண்டாலும், அது நூற்றுக்குப் பத்துப் பங்கை எட்டாது. அந்நிலங்களுக்குள்ளே காடு மண்டிக் கிடக்கும் நிலமும், கைவிடப்பட்ட பழந்தேயிலை நிலமும் எவ்வளவு என்பதை மலையகத்திற் பயணஞ் செய்தவர்கள் தம் கண்ணாலேயே காணலாம்.

இந்நிலம் யாருடையது? கம்பனிகளின் பாட்டன் தேடிய தேட்டமா? அன்று. 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியார் ஒருவர் 50 ஏக்கருக்கு மேல் வைத்திருக்கலாகாது என்றது. 1975ஆம் ஆண்டின் திருத்தம் கம்பனித் தோட்டங்களையும் அரசுடைமையாக்கிற்று. 1992இல் தோட்டங்களின் நிருவாகம் கம்பனிகளுக்குக் கொடுக்கப்பட்டது. பின்னர் நீண்ட காலக் குத்தகை எழுதப்பட்டது. அரசாங்கத்தின் நிலம், கம்பனியின் குத்தகை. அந்த நிலத்தைக் காடழித்துத் தோட்டமாக்கிய தொழிலாளிக்கு அதில் ஒரு பேர்ச்கூட இல்லை. காணிச் சீர்திருத்தம் நடந்த காலத்தில் எத்தனையோ கைகள் நிலத்தைப் பெற்றன. அதை உழைத்து ஆளாக்கிய கைகள் பெறவில்லை. பலர் பசியோடு தோட்டங்களை விட்டே துரத்தப்பட்டனர்.

தொழிலாளிக்கு நிலம் கொடுத்தால் தேயிலை அழிந்துவிடும் என்று இன்னொரு பூச்சாண்டி காட்டப்படுகின்றது. இந்நாட்டின் தேயிலையில் பெரும் பங்கு, நூற்றுக்கு எழுபதுக்கு மேல், யாரால் உற்பத்தியாகின்றது? இரத்தினபுரியிலும் காலியிலும் மாத்தறையிலும் சொந்தமாக ஓர் ஏக்கர், அரை ஏக்கர் வைத்துப் பயிர் செய்யும் சிறு தோட்டக்காரரால் உற்பத்தியாகின்றது. நிலத்துக்குச் சொந்தக்காரனாகச் சிறியவன் இருக்கும் இடத்திலே தேயிலை தழைக்கின்றது. ஆகவே, சிறியவன் கையில் நிலம் போனால் தேயிலை சாகும் என்ற வாதத்தைத் தேயிலைச் செடியே மறுத்து நிற்கின்றது.

செலவும் சரிவும்

இனி, நேர்மையோடு சொல்லப்படும் இரு தடைகளையும் எடுத்துக்கொள்வோம். தனித்தனி வீடுகளுக்குப் பாதையும் நீர்க்குழாயும் மின்கம்பியும் கொண்டு செல்வது செலவு கூடியது என்பது ஒன்று. உண்மைதான். ஆனால் இச்செலவை இந்நாடு மற்றைய கிராமத்தார் அனைவருக்கும் செய்தது. மகாவலித் திட்டத்திலும் அதற்கு முந்திய குடியேற்றத் திட்டங்களிலும் குடியேறியவர்களுக்கு ஏக்கர்க் கணக்கில் நிலமும், வாய்க்காலும், பாதையும், பாடசாலையும் அரசாங்கமே கொடுத்தது. அப்பொழுது அடுக்கு மாடி கட்டினால் மலிவு என்று எவரும் சொல்லவில்லையே! மலையகத் தமிழன் என்றவுடன்தான் சிக்கனம் நினைவுக்கு வருகின்றதா? 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டமோ தோட்டங்களுக்குள்ளே சபைப் பணத்தைச் செலவிடத் தடையாக நின்றது. அத்தடையை நீக்க 2018ஆம் ஆண்டு வரை, முப்பத்தொரு ஆண்டுகள் சென்றன. முப்பத்தொரு ஆண்டுகள் மிச்சம் பிடித்த பணத்திற் சிறிதாவது இப்பொழுது செலவிடப்படட்டும்.

மண்சரிவு என்பது மற்றது. இதனை நாம் இலேசாகத் தள்ளவில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் காலை, கொஸ்லந்தைக்கு அண்மையிலுள்ள மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடிற்று. 2025 நவம்பரில் டித்வா புயல் வந்தபோது மலைநாடு முழுவதும் மண்சரிவினால் அழுதது. ஆபத்தான சரிவில் வீடு கட்டக் கூடாது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பாதுகாப்பானது என்று காட்டும் நிலத்திலேயே கட்ட வேண்டும். இதில் நமக்கு மாறுபாடில்லை. ஆனால் மீரியபெத்தையிற் புதையுண்டவை தனி வீடுகளா? அல்ல, லயங்கள். அங்கே ஆபத்துண்டு என்ற எச்சரிக்கை முன்னரே விடுக்கப்பட்டிருந்தது. போவதற்கு நிலமில்லாதவனுக்கு எச்சரிக்கை எதற்கு உதவும்? பாதுகாப்பான, சரிவு குறைந்த நிலங்கள் தோட்டங்களுக்குள்ளேயே உண்டு. அவற்றில் தேயிலை நிற்கின்றது; உயரத்தில் பங்களாக்கள் நிற்கின்றன. செடிக்குக் கொடுத்த இடத்தை மனிதனுக்குக் கொடுங்கள் என்றே கேட்கின்றோம். சரிவைச் சாட்டி மாடி கட்டச் சொல்வோர், பாரமான கட்டடத்தையும் அம்மலை தாங்க வேண்டும் என்பதை மறந்துவிடுகின்றனர்.

உறுதி என்னும் ஆயுதம்

மாடி வீட்டை நாம் வெறுக்கவில்லை. 1973ஆம் ஆண்டின் மாடி வீட்டு உடைமைச் சட்டத்தின் கீழ் ஒருவன் தன் பணத்தில், தன் விருப்பத்தில், தன் பெயரில் உறுதி எழுதி மாடியில் ஒரு வீட்டை வாங்கினால், அவன் அந்தரத்தில் இருப்பவன் அல்லன். கட்டடம் நிற்கும் நிலத்திலும் பொது இடங்களிலும் பிரிக்கப்படாத பங்கு அவனுக்குண்டு. வெள்ளவத்தை அன்பர்களே, உங்கள் நிலை இதுதான். உங்களுட் பலருக்கு ஊரிலே வளவும் உண்டு. விரும்பினால் விற்கலாம், வாடகைக்கு விடலாம், பிள்ளைக்கு எழுதலாம். “எழும்பிப் போ” என்று உங்களை எவனும் சொல்ல முடியாது. குத்தகை நிலத்திலே, கம்பனியின் நிழலிலே, உறுதியின்றிக் கட்டப்படும் மாடியையும் உங்கள் மாடியையும் ஒரே பெயரால் அழைப்பது, சிறைக்கூடத்தையும் சத்திரத்தையும் ஒன்றென்பது போலாகும்.

உறுதியின் வலிமையை வடக்கின் வரலாறு நமக்குக் காட்டியிருக்கின்றது. 1990ஆம் ஆண்டில் வலிகாமம் வடக்கு மக்கள் தம் வீடு வாசல்களை விட்டுத் துரத்தப்பட்டனர். கால் நூற்றாண்டு முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் வாழ்ந்தனர். வேலிகள் அழிந்தன, கிணறுகள் தூர்ந்தன, வீடுகள் இடிந்தன. ஆனால் உறுதி பெட்டிக்குள் இருந்தது. 2013இல் அரசாங்கம் 6,381 ஏக்கரைச் சுவீகரிக்க அறிவித்தல் ஒட்டியபோது, 2,000 பேருக்கு மேல் நீதிமன்றம் சென்றனர். மயிலிட்டி போன்ற இடங்கள் பின்னர் பகுதி பகுதியாக விடப்பட்டன. எல்லாம் மீளவில்லை, ஆனால் மீண்டவை உறுதி இருந்ததனால் மீண்டன. “இது என் நிலம்” என்று சொல்ல ஒரு கடதாசி இருந்தது.

லயத்துத் தொழிலாளியை எண்ணிப் பாருங்கள். அவன் பாட்டனும் பூட்டனும் பிறந்து இறந்த காம்பராவிலிருந்து அவனை எழுப்பினால், நீதிமன்றத்துக்கு எதைக் கொண்டு போவான்? அவனிடம் இருப்பது சம்பளச் சீட்டு ஒன்றே. 1948இல் அவன் குடியுரிமை பறிக்கப்பட்டது. 1964இல் அவனைக் கேளாமலே 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று இரு பிரதமர்கள் பங்கு பிரித்தனர். நிலத்தில் வேர் இல்லாதவனையே அவ்வாறு பொட்டலங் கட்ட முடியும். 2003ஆம் ஆண்டின் சட்டம் எஞ்சியோரின் நாடற்ற நிலையைத் தீர்த்தது. குடியுரிமை வந்தது, குடியிருக்கும் உரிமை வரவில்லை.

இவ்விடத்தில் நம்மை நாமே கேட்க வேண்டிய கேள்வியும் உண்டு. 1948, 1949ஆம் ஆண்டுகளில் அம்மக்களின் உரிமை பறிபோனபோது, வடக்குக் கிழக்குத் தமிழர் அனைவரும் ஒருமுகமாய் எதிர்த்து நின்றோம் என்று நெஞ்சிற் கைவைத்துக் கூற முடியுமா? முடியாது. தம் காணிக்காக நீதிமன்றம் ஏறிய நாம், அவர்களுடைய காணிக்காகத் தெருவில் இறங்கினோமா? இல்லை. அந்தக் கடனுக்கு வட்டி ஏறிக்கொண்டிருக்கின்றது. “அவர்களுக்கு மட்டும் ஏன் காணி?” என்ற கேள்வி, அந்த வட்டியின் மேல் நாம் ஏற்றும் புதுப் பழி.

நாம் கேட்பது

நாம் கேட்பது பிச்சையன்று, பட்டியலும் நீண்டதன்று.

முதலாவது, தோட்டங்களில் வாழும் ஒவ்வொரு குடும்பத்திற்கும், அக்குடும்பத்தில் எவரேனும் தோட்டத்தில் வேலை செய்தாலும் செய்யாவிட்டாலும், வீட்டோடு 10 பேர்ச்சுக்குக் குறையாத காணி வேண்டும். ஏழு பேர்ச் என்றார்கள். பின்னர்ப் பத்துப் பேர்ச் என்றார்கள். எண்ணைக் கூட்டியது போதும், அளந்து கொடுக்கட்டும்.

இரண்டாவது, வீட்டைத் திறந்து வைக்கும் நாளிலேயே உறுதி கையில் வேண்டும். இந்திய உதவியோடு கட்டிய வீடுகளையும் அரசாங்கம் கட்டிய வீடுகளையும் நாம் வரவேற்றோம், வரவேற்கின்றோம். ஆனால் நாடா வெட்டவும் படம் எடுக்கவும் வரும் அமைச்சர்கள், உறுதியை மட்டும் ‘பின்னர்’ என்று சொல்லிப் போவதை இனியும் அனுமதிக்கலாகாது. உறுதி கணவன், மனைவி இருவர் பெயரிலும் எழுதப்படல் வேண்டும். கொழுந்துக் கூடையைச் சுமப்பவள் காணிக்கும் உரியவள்.

மூன்றாவது, 2018இல் மலையகப் புதிய கிராமங்களுக்கென ஓர் அதிகார சபை சட்டத்தால் அமைக்கப்பட்டது. அச்சட்டத்திற்கு ஏற்ற பணமும் நிலமும் அதிகாரமும் கொடுக்கப்படட்டும். லயம் கிராமமாகட்டும். ஒவ்வொரு வீட்டுக்கும் இலக்கமும் முகவரியும் வரட்டும். தோட்டத்தின் பெயரிலும் துரையின் தயவிலும் கடிதம் வாங்கும் காலம் ஒழியட்டும்.

நான்காவது, மாடி வேண்டும் என்று எந்தக் குடும்பமாவது விரும்பினால், அதற்கும் தடையில்லை; ஆனால் கேட்டுக் கட்ட வேண்டும், கட்டிவிட்டுக் கேட்கக் கூடாது. அங்கேயும் உறுதி வேண்டும்.

இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர் மன்னாரிலிருந்து காட்டுவழியே நடந்து வந்து, வழியெங்கும் பிணங்களாய் விழுந்து, எஞ்சியோர் மலையேறிக் கோப்பியும் தேயிலையும் நட்டனர். இந்த நாட்டின் பாதையும் புகையிரதமும் துறைமுகமும் அவர்களுடைய வியர்வையில் எழுந்தவை. 2023ஆம் ஆண்டில் அந்த இருநூறாண்டு நிறைவை விழாவாகக் கொண்டாடினோம். மன்னாரிலிருந்து நடந்தும் காட்டினோம். விழா முடிந்தது. நடந்தவர்கள் திரும்பிப் போனது அதே லயங்களுக்கு.

அவர்கள் ஏறியது போதும். மலை ஏறினார்கள், இனி மாடியும் ஏற வேண்டியதில்லை. இறங்கி நிற்க, தங்கள் பெயர் எழுதிய பத்துப் பேர்ச் மண் கொடுங்கள்.